தம்பியின் குப்பிகள்

எங்கள் ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்கள் சென்ட் போடக் கூடாது. பவுடர், வாசனை எண்ணெய், வாசனை சோப்பு எதுவும் கூடாது. கருக்கள் வளர்கிற பெட்டிக்குள் அந்த வாசனை போனால் அவை சரியாக வளராது என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் எதையும் பூசிக்கொண்டதில்லை. விடுமுறை நாட்களில்கூட இல்லை. விதிகளை மதிக்காத ஆள் என்று நீங்கள் என்னைப் பற்றி நினைத்துவிடக் கூடாது என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

விசாரிக்க வந்த நீங்கள், அவசரமில்லை, உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். என் சொற்கள் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. வரிசை தவறினால் மன்னியுங்கள்.

நான் வேலை பார்ப்பது குழந்தை இல்லாதவர்களுக்கான சிகிச்சை மையம். ஆண்களின் விந்து மாதிரியை வாங்கிக் கழுவி, சிறு குப்பிகளில் அடைத்து, திரவ நைட்ரஜன் தொட்டிக்குள் உறைய வைப்பது என் வேலை. பெரும்பாலும் அவை கணவர்களுடையவை. கணவரால் முடியாதபோது டோனர் ஒருவருடையதைப் பயன்படுத்துவார்கள். டோனருக்குப் பெயர் கிடையாது, ஒரு எண் மட்டும்தான். எண்ணைச் சொல்லிப் பேசுவது எங்களுக்குக் கஷ்டமாக இருந்ததால் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்திருந்தோம். இந்த விவகாரத்தில் வருகிறவர் ஹெல்மெட்காரர். வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும்போதுகூட ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்ற பயம். அவர் மீது எந்தத் தப்பும் இல்லை.

எங்கள் வேலையில் எதையும் தனியாளாகச் செய்ய முடியாது. ஒரு குப்பியைத் திறக்கும் முன்பு, இடம் மாற்றும் முன்பு, கொட்டும் முன்பு, ஒருவர் லேபிளில் இருப்பதை உரக்க வாசிக்க வேண்டும். இன்னொருவர் அதே லேபிளைத் தன் கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். சாட்சி பார்ப்பது என்போம். எனக்குச் சாட்சி பார்த்தவர் என்னைவிட நிறைய வருடம் மூத்தவர். முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடி போட்டிருப்பார், அதனால் கண்ணாடி அக்கா.

காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரை சாட்சிதான். வாசிக்கிறவர் வாசிப்பார், பார்க்கிறவர் "ம்" என்பார். நாளாக ஆகப் பார்ப்பது நின்றுபோகும், "ம்" மட்டும் மிஞ்சும். எல்லா ஆய்வகங்களிலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். எவ்வளவு தூரம் நின்றுபோயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. ஒருநாள் கடைசி இலக்கத்தை மாற்றி வாசித்தேன்.

"ஏய், இங்க ஏழுன்னு போட்டிருக்கு. நீ ஒன்பதுங்கிற. தூக்கமா?"

"சும்மாக்கா. முழிச்சிருக்கீங்களான்னு பாத்தேன்."

"கொழுப்புடி உனக்கு."

சில மாதம் கழித்து மறுபடி மாற்றி வாசித்தேன். "ம்" என்றார். அப்புறம் ஒருநாள் அவருடைய வீட்டுக் கதவு எண்ணையே வாசித்தேன். "ம்" என்றுவிட்டு, மகள் கணக்குப் பரீட்சையில் என்ன எழுதிவைத்தாள் என்பதை விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். நான் சிரிக்கவில்லை. அதைத் தரச் சோதனை மாதிரி ஒன்று என்றுதான் நினைத்தேன். சோதனையின் முடிவை யாரிடமும் சொல்லவில்லை.

இனி என் தம்பி. அவன் லிஃப்ட் மெக்கானிக். கட்டடம் கட்டடமாகப் போய், நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பான். உள்ளே அழுகிறவர்களிடம் கதவிடுக்கு வழியாகக் கதை பேசி, கதவு திறக்கும்போது அவர்கள் சிரித்துக்கொண்டு வெளியே வரும்படி செய்வான். எங்கள் அப்பா நாங்கள் பள்ளிக்கூடம் போகிற வயதில் குடல் புற்றுநோயில் இறந்துபோனார். அது பரம்பரையாக வரக்கூடியது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. தம்பிக்கும் அதேதான் என்று தெரிந்தபோது அவனுக்குக் கல்யாணப் பேச்சு ஆரம்பித்திருந்தது. சிகிச்சைக்குப் பிறகு குழந்தை பிறக்காமல் போகலாம், முன்கூட்டியே உறைய வைத்துக்கொள்வது நல்லது என்று அவனுடைய டாக்டர் சொன்னார். எங்கள் மையத்துக்கே கூட்டி வந்தேன்.

"அக்கா, உங்க ஆளுங்க யாரும் பாக்காத மாதிரி பின்வாசல் ஏதாவது இருக்கா?"

"இல்ல. எல்லாரும் முன்வாசல்ல வந்துதான் போகணும்."

"மானம் போச்சு போ. லிஃப்ட் ரிப்பேர்னு சொல்லிட்டு உள்ள வரேன்."

அப்படியே சொல்லிவிட்டு உள்ளே வந்தான். வரவேற்பறைப் பெண் உண்மையிலேயே அவனை லிஃப்ட் பக்கம் அனுப்பிவிட்டாள். அவனுடைய மாதிரியை நான்தான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். மிக நல்ல மாதிரி. அவனைப் போலவே ஓரிடத்தில் நிற்காதவை.

அறுவை சிகிச்சை முடிந்து, மருந்து முடிந்து, தம்பி மறுபடி வேலைக்குப் போனான். ஒன்றரை வருடம் நன்றாக இருந்தான். பிறகு நோய் ஈரலுக்குப் போய்விட்டது. அந்தச் சமயத்தில்தான் மரபணுச் சோதனை செய்தார்கள். அப்பாவிடமிருந்து வந்தது, பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, பத்து வயதிலிருந்து குடலைச் சோதித்துக்கொண்டே இருந்தால் காப்பாற்றலாம், விட்டுவிட்டால் தப்பாது என்றார்கள். என்னையும் சோதித்தார்கள். எனக்கு இல்லை.

அன்று சாயங்காலம் நான் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். தம்பி வாசற்படியில் வந்து நின்றான்.

"அக்கா, உங்க ஐஸ் தொட்டியில நம்ம சரக்கு இருக்குல்ல. கொட்டிரு."

"இப்ப என்னடா அவசரம்?"

"அவசரம்தான். அப்பா நின்னாரு, நான் நிக்கிறேன். எனக்குப் பின்னால இன்னொருத்தன கொண்டுவந்து வரிசையில நிறுத்த வேணாம்."

"பரிசோதன பண்ணி நல்லத மட்டும் எடுக்கலாம்டா. இப்ப வழி இருக்கு."

"யாருக்கு? எனக்கா? நான் இருக்கப்போறதே இல்ல, எனக்கெதுக்குப் புள்ள? விளையாடாத. சத்தியமா கொட்டிருவியா?"

கொட்டிவிடுவேன் என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். ஒரு திங்கட்கிழமை கொட்டினோம்.

அந்தத் திங்கட்கிழமைதான் எல்லாம் நடந்தது. தொட்டி மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை காலடி வரை வழியும். அதற்குள் கையை விட்டுத் தம்பியின் குப்பிகளை எடுத்தேன். எல்லாவற்றையும் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. அவன் போய்க்கொண்டிருந்தான். அவனுடையது என்று உயிரோடு மிஞ்சப்போவது அவ்வளவுதான். சிலவற்றை மட்டும் ஹெல்மெட்காரரின் குப்பிகளை அடுக்கியிருக்கும் குழலுக்குள் மாற்றி வைத்தேன். மீதியை விதிப்படி கொட்டினேன். துக்கம் தாங்காமல் செய்த காரியம் அது. அதற்குப் பிறகு நான் எதையும் மாற்றவில்லை. ஹெல்மெட்காரரின் எண்ணைக் கேட்டவர்களுக்கு அந்தக் குழலிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். டாக்டர் வைத்தார். கரு பிடித்தது. நான் கை வைத்தது ஒரே ஒரு முறைதான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

தம்பி மறு வருடம் இறந்தான். அதன் பிறகு அம்மா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தட்டில் போட்டது அப்படியே இருக்கும். நான் திட்டினால் இரண்டு வாய் வைப்பார்.

எங்கள் மையத்தின் நடைபாதைச் சுவர் முழுக்கக் குழந்தைகளின் படங்கள். பிறந்ததும் பெற்றோர்கள் அனுப்புவார்கள், நாங்கள் மாட்டிவைப்போம். அதில் ஒன்றை என் போனில் எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன்.

"யாரு புள்ள இது?"

"எங்க சென்டர்ல பொறந்தது."

அம்மா போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இந்த மேலுதட்ட பாரேன்."

"ஏம்மா, யாரு மாதிரி இருக்கு?"

"சொன்னா அழுதுருவேன். வேணாம் விடு." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இன்னொரு தடவ காட்டு" என்றார்.

அன்று அம்மா தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

அதன் பிறகு நான் வேலையிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள், "புதுசா படம் ஏதாவது வந்துச்சா?" என்பார். எந்தக் குழந்தை யாருடையது என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எல்லாப் படங்களையும் காட்டுவேன். அவர் சரியாக நிறுத்த வேண்டிய படத்தில் நிறுத்துவார்.

படம் வர வேண்டுமென்றால் குழந்தை பிறக்க வேண்டும். குழந்தை பிறக்க வேண்டுமென்றால் யாராவது ஹெல்மெட்காரரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டோனர்களைப் பற்றித் தம்பதிகளுக்கு எடுத்துச் சொல்லும் ஆலோசகர் அப்போது பிரசவ விடுப்பில் போனார். மத்தியானங்களில் அந்த மேசையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு தம்பதி நினைவிருக்கிறது. கணவர் பேக்கரி வைத்திருந்தார், நகக்கண்ணில் மாவு இருந்தது.

"ரொம்ப வெள்ளையா வேணாங்க, ஊரு பேசும். என் கலருக்கு ஒரு மாத்து கூட இருந்தா போதும்" என்றார்.

"ஏன், துணியா எடுக்க வந்திருக்கோம்? கூட ரெண்டு மீட்டர் கேளுங்களேன்" என்றார் மனைவி.

"நீ சும்மா இரு. மூக்கு எப்படிங்க இருக்கும்?"

"மூக்கு தெரியாதுங்க" என்றேன். "ஆனா இவரு ரொம்ப சிரிச்ச முகம். பக்கத்துல இருக்கிறவங்களயும் சிரிக்க வெச்சிருவாரு."

ஹெல்மெட்காரர் எங்களிடம் ஒரு நாளும் சிரித்ததில்லை. மனைவி கணவரைப் பார்த்தார். "அது போதும்ங்க" என்றார். "எங்க வீட்ல அதுக்குத்தான் பஞ்சம்."

அவர்களுக்குப் பெண் குழந்தை. அதுதான் இப்போது உங்களுக்குத் தெரிந்த குழந்தை.

அந்த நாட்களில் நான் மாலை வகுப்பில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். மருத்துவ நெறிமுறை என்று ஒரு பாடம். டோனர் மூலம் பிறந்த குழந்தைக்குத் தன் மூலம் தெரிந்திருக்க வேண்டுமா என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். தெரிந்தே ஆக வேண்டும், குறிப்பாகப் பரம்பரை நோய்களை அறிந்துகொள்வதற்காக என்று எழுதினேன். வகுப்பிலேயே அதுதான் நல்ல கட்டுரை என்று ஆசிரியர் வாசித்துக் காட்டினார். அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது, எல்லோரும் திரும்பிப் பார்த்ததால். வேறு எதுவும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும் என்று இப்போது எழுதும்போது புரிகிறது, ஆனால் தோன்றியதாக எழுதினால் பொய்யாகிவிடும்.

குழந்தைகளைப் பற்றி நான் கவலைப்படாமல் இல்லை. பத்து வயதில் சோதனையைத் தொடங்கினால் போதும் என்று தம்பியின் டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. அதற்குள் ஏதாவது வழி செய்யலாம் என்று இருந்தேன். என்ன வழி என்று உட்கார்ந்து யோசித்ததில்லை.

பேக்கரிக்காரரின் மனைவி போன் செய்தபோது அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது. ஆலோசகர் விடுப்பிலிருந்து திரும்பி வராததால் மேசையில் இன்னும் நான்தான் இருந்தேன்.

"மேடம், நான் உங்க பழைய பேஷன்ட். பாப்பாக்கு டாய்லெட் போகும்போது ரத்தமா போகுது. டாக்டர், அப்பா வழியில யாருக்காவது குடல்ல ஏதாவது இருந்துச்சான்னு கேக்குறாரு. அவருகிட்ட நான் என்னன்னு சொல்றது? அதான் உங்ககிட்ட…"

"ஒரு நிமிஷம் இருங்க" என்றேன்.

ஹெல்மெட்காரரின் ஃபைலை எடுத்துப் பிரித்தேன். அதைப் பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் எடுத்தேன். குடும்பத்தில் யாருக்கும் எந்த நோயும் இல்லை என்று இருந்தது.

"டோனர் குடும்பத்துல எதுவும் இல்லைங்க. எல்லாம் நார்மல்."

"நல்லா பாத்தீங்களா மேடம்?"

"ஃபைல கையில வெச்சுக்கிட்டுத்தான் சொல்றேன்."

"அப்பாடா. ரெண்டு நாளா தூக்கமே இல்ல. நீங்க நல்லா இருக்கணும்."

ஃபைலில் இருந்ததைத்தான் சொன்னேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. போனை வைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன். மலச்சிக்கல் என்று சொல்லி ஒரு வருடத்துக்கும் மேல் அந்தப் பெண்ணுக்கு மருந்து கொடுத்தார்கள். பிறகு ரத்தம் ரொம்பக் குறைந்து, பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்து, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது எண்ண முடியாத அளவுக்குக் கட்டிகள். ஒன்று புற்றாக மாறத் தொடங்கியிருந்தது. பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் அந்த நோய்க்கான மரபணு இல்லை. ஹெல்மெட்காரரைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். அவரிடமும் இல்லை, தவிர அவர் அந்தக் குழந்தைக்கு அப்பாவே இல்லை. அதன் பிறகு நீங்கள் வந்தீர்கள்.

நீங்கள் கேட்டதும் நான் மறைக்கவில்லை. அந்தத் திங்கட்கிழமையின் தேதியைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஹெல்மெட்காரரின் எண்ணில் பிறந்த ஏழு குழந்தைகளையும் கூப்பிட்டுச் சோதிக்கப்போவதாகச் சொன்னீர்கள். பேக்கரிக்காரரின் பெண் அந்த ஏழில் ஒருத்தி. சரி என்றேன். நேற்று அவ்வளவில் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

நேற்றுப் போகும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டீர்கள். தம்பியின் குப்பிகளைக் கொட்டிய நாளில் கண்ணாடி அக்கா வெறும் "ம்" சொல்லவில்லையாம். உன் தம்பியுடையது ஆயிற்றே என்று ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தாராம். அழுதுகொண்டே பார்த்தாராம். ஒன்றுகூடக் குறையவில்லையாம். அவர் சொன்னது உண்மை. நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்படியானால் அந்தக் குப்பிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டீர்கள். காலையில் வந்து சொல்கிறேன் என்றேன்.

மேலே அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி எழுதியது தவறு. அன்று எல்லாவற்றையும் கொட்டினேன். தம்பியிடம் வீட்டுக்குப் போய், கொட்டியாயிற்று என்று சொன்னேன். "தேங்க்ஸ்க்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நான் மாற்றியது அதற்கு இரண்டு வருடத்துக்கும் மேல் முன்னால், தம்பி மாதிரி கொடுக்க வந்த அன்றைக்கே. அன்று ஹெல்மெட்காரரும் வந்திருந்தார். இருவரும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள். இருவருக்கும் ஒரே ரத்த வகை. தம்பியின் மாதிரியில் கொஞ்சத்தை அவன் பெயரிலும், மீதியை ஹெல்மெட்காரரின் எண்ணிலும் அடைத்தேன். உரக்க வாசித்தேன். கண்ணாடி அக்கா "ம்" என்றார். குடும்பத்தில் நோய் உண்டா என்று எங்களைக் கேட்டிருந்தால் அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். ஹெல்மெட்காரரிடம் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது, அதனால் யாரும் கேட்கவில்லை.

ஆகவே உங்கள் ஏழு போதாது. அந்தத் திங்கட்கிழமைக்கு முன்பே பிறந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். மூத்தவனுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. அவர்கள் பிறந்தபோது தம்பி உயிரோடு இருந்தான். லிஃப்ட் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தான். அவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

துக்கம் தாங்காமல் செய்தேன் என்று எழுதியிருக்கிறேன். இப்போது படித்துப் பார்த்தேன். அந்த வரியை அடிக்க மனமில்லை, ஆனால் நடந்தது அது இல்லை. தம்பி வந்த அன்று எனக்குத் துக்கம் எதுவும் கிடையாது. பிழைத்துவிடுவான் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஹெல்மெட்காரரின் மாதிரி அன்று தேறவில்லை. அவரைக் கேட்டு இரண்டு தம்பதிகள் காத்திருந்தார்கள். தம்பியுடையது நல்ல மாதிரி, அவனுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே இருந்தது. மீதியைக் கொட்டத்தான் வேண்டும். ஏன் வீணாக்க வேண்டும் என்று தோன்றியது.